மிஷின்காரர் மாதையனும் வெளுத்த சுவரும்

ஐப்பசியில் தொடங்கும் மழையும் அதன் பின்னாலேயே வந்து குந்திக்கொள்ளும் பனியும் ஜவ்வாது மலையை விட்டுக் கிளம்பும்போது, எல்லா வீடுகளையும் ஒரே நிறமாக்கிவிட்டுத்தான் போகும். ரோஸ் அடித்த வீடு, கிளிப்பச்சை அடித்த வீடு என்ற பெருமையெல்லாம் கரும்பாசிக்குத் தெரியாது. தை மாதம் பிறக்கையில் பார்த்தால் ஒவ்வொரு வீடும் விறகடுப்பில் ஏற்றி இறக்கிய சட்டி போல நிற்கும்.

இந்தக் கருமையிலிருந்து மலையை மீட்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மாதையன். வயது நாற்பத்தேழு. கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம், ஒரு மனைவி. இவற்றோடு திருப்தி அடைந்திருக்க வேண்டியவர், ஒருநாள் வேலூருக்குப் போய், தண்ணீரைப் பீய்ச்சிச் சுவர் கழுவும் ஒரு பிரஷர் மிஷினோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அன்றிலிருந்து அவர் மிஷின்காரர். ஊரில் மாவு மிஷின் வைத்திருந்தவர் உண்டு, தையல் மிஷின் வைத்திருந்தவர் உண்டு. ஆனால் மிஷின்காரர் என்று மொட்டையாகச் சொன்னால் அது மாதையன் ஒருவரைத்தான் குறிக்கும். ஆளுக்கொரு பட்டம் வாங்கும் உலகத்தில் இந்த ஒரு பட்டத்தைத்தான் அவர் ஆசைப்பட்டு வாங்கினார். அதற்காக உயிரைக்கூடக் கொடுப்பார். குறைந்தபட்சம் அடுத்தவர் சுவரைக் கொடுப்பார்.

அவர் வேலை செய்வது பார்க்கத் தக்க காட்சி. தலையில் துண்டு, கண்ணில் பைக் ஓட்டும்போது போடும் கருப்புக் கண்ணாடி, கையில் நீளத் துப்பாக்கி. மோட்டாரைப் போட்டதும் நாய்கள் காட்டைப் பார்த்து ஓடும். மனிதர்கள் வீட்டைப் பார்த்து ஓடி வருவார்கள். முதலில் பாசி பிடித்த சுவரில் தண்ணீராலேயே ஆளுயரத்துக்கு 'மா' என்று எழுதுவார். கருப்பில் வெள்ளையாக எழுத்து பளிச்சென்று எழும்பும். கூட்டம் "ஹா" என்று சொல்லும். அந்த 'ஹா' கேட்ட பிறகுதான் மீதிச் சுவரைக் கழுவுவார். கேட்கவில்லை என்றால் இன்னொரு 'மா' எழுதுவார்.

குறையே இல்லாத கலைஞன் உண்டா? பாசியோடு பெயிண்டும் போகும். சில இடங்களில் பெயிண்டோடு பூச்சும் போகும். ஒரு வீட்டு வாசலுக்கு மேலே 'முருகன் துணை' என்று எழுதியிருந்தார்கள். மாதையன் கழுவி முடித்தபோது முருகன் போய்விட்டிருந்தார், துணை மட்டும் மிச்சம். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். மாதையன் அசரவில்லை. "நல்ல பெயிண்டுன்னா நிக்கும்ங்க. நிக்கலன்னா அது பெயிண்டே இல்ல" என்றார். இந்தத் தத்துவத்தை மறுத்துப் பேச மலையில் ஆள் இல்லாத காலம் அது.

மறுத்துப் பேசிய ஒரே ஆள் அவர் மனைவி கன்னியம்மாள். மிஷின் வந்த புதிதில் சொந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் கை வைத்தார் மாதையன். பழைய பூச்சு. தண்ணீர் சுவரைத் துளைத்து உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்து, களி கிண்டிய பானையை நிரப்பியது. கன்னியம்மாள் கரண்டியோடு வெளியே வந்து, அந்த மிஷின் இனிமேல் இந்த வீட்டுச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று தடை போட்டாள். ஓட்டையை மாதையன் சிமெண்டால் அடைத்தார். தடையை அடைக்க எதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறும் பஸ் எல்லாம் வேகம் குறைக்கிற அந்த வளைவில், மலையிலேயே மிகக் கருப்பான வீடாக நின்றது மிஷின்காரர் வீடு. யாராவது கேட்டால், "நம்ம வூடுதானே, எங்க ஓடிப்போவுது? அப்பால பாத்துக்கலாம்" என்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வரலாற்றில் எல்வின் நுழைந்தான்.

எல்வின் ஆலங்காயத்துப் பையன். மஸ்கட்டில் பங்களாக்களைக் கழுவிவிட்டு ஊர் திரும்பியவன். முப்பது வயது, வெள்ளைத் தொப்பி, பெரியவர்களைக் கண்டால் வணக்கம். இந்தக் கடைசிக் குணம்தான் மாதையனின் தூக்கத்தைக் கெடுத்தது. திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். மரியாதை தெரிந்தவனை என்ன செய்வது?

அவன் செய்ததற்கு 'சாஃப்ட் வாஷ்' என்று பெயர். வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி ஒரு பம்பு. அதில் பிளீச்சிங்கும் சோப்பும் கலந்த தண்ணீர். சுவர் ஓரத்துச் செடிகளை முதலில் நன்றாக நனைப்பான், மேலே சாக்கைப் போர்த்துவான். பிறகு சுவரில் மெல்லத் தெளிப்பான். தெளித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். பாசி வேரோடு செத்துப் பழுப்பாகி உதிரும் வரை காத்திருந்து, பூவாளியில் ஊற்றுகிற மாதிரி தண்ணீர் விட்டு அலசுவான். சத்தம் இல்லை. கூட்டம் இல்லை. நாய்கூட எழுந்திருக்காது. பெயிண்டு அப்படியே இருக்கும், பாசி மட்டும் இருக்காது.

மாதையன் இதைச் சேட்டு டீக்கடையில் உட்கார்ந்து, எதிர் வீட்டுச் சுவரில் பார்த்தார்.

"இன்னாய்யா இது வேல?" என்றார். "தெளிச்சிட்டு குந்தினு கீறான்."

"குந்தினு இருந்தாலும் சுவரு வெளுக்குதே" என்றார் சேட்டு, டீயை ஆற்றிக்கொண்டே.

"வெளுக்கட்டும். ஒரு சத்தம் கீதா? ஒரு வேகம் கீதா? மனுசன் வேல செய்றான்னு எப்படித் தெரியும்?"

"நீ வேல செய்யும்போது எங்களுக்கு மூணு நாளைக்குக் காது கேக்காது, மாதையா. அப்படியும் தெரிஞ்சுக்கலாம்."

எல்வின் அங்கிருந்தே கையை உயர்த்தி, "அண்ணே, சாப்டீங்களா?" என்றான். மாதையன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"அவன் சுவருக்கு இன்னாமோ விஷம் அடிக்கிறான்" என்று அந்த வாரம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். பலன் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் கரப்பான் தொல்லை இருந்த நாலு பேர் எல்வினைக் கூப்பிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் சாந்தம்மாள் வீட்டுச் செய்தி வந்தது. சாந்தம்மாள் ஒரு காலத்தில் கவுன்சிலராக இருந்தவர். ஜமுனாமரத்தூரில் மேட்டு மேல் இரண்டு மாடி வீடு. எந்தப் பக்கத்திலிருந்து பஸ் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதைக் கழுவுகிறவர்தான் இனி மலைக்கு மிஷின்காரர் என்பதில் மாதையனுக்குச் சந்தேகமே இல்லை. மாசிக்குள் கழுவ வேண்டும் என்றும், ஆள் யாரென்று வேலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்றும் சாந்தம்மாள் சொல்லியனுப்பியிருந்தார்.

மாதையன் சும்மா இருப்பாரா? நெல்லிவாசல்நாட்டில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட, அந்த வீட்டையே சாந்தம்மாளுக்கு மாதிரி வேலையாகக் காட்டிவிடலாம் என்று மிஷினை ஷேர் ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். வாத்தியார் வீட்டுச் சுவர் நன்றாகத்தான் வந்தது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் செங்கல் தெரிந்தது. "காத்தோட்டமா இருக்கும் சார்" என்று சமாதானம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வெயில் சாய்கிற நேரம். ஜீப் மேல் வளைவில் திரும்பும்போது, கீழே பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர் பளீரென்று கண்ணில் குத்தியது. சாம்பல் மலைக்கு நடுவே நீலம் போட்டுத் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரு சுவர்.

மாதையன் ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். எல்வின் வேலைதான். சந்தேகமில்லை. எவன் வீடு இது? எவனுக்கு இவ்வளவு கொழுப்பு? நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நம் கண்ணுக்கு எதிரிலேயே அவனைக் கூப்பிட்டு வெளுத்துக்கொண்டவன் எவன்? அந்த வீட்டுக்காரன் இனி ஏதாவது கேட்டு வாசலுக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் தருவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டார். ஜீப் இறங்க இறங்க வீடு நெருங்கியது. வாசலில் அவரைக்காய்ப் பந்தல் இருந்தது. பந்தலுக்கடியில் அவருடைய கயிற்றுக் கட்டில் இருந்தது. கட்டில் பக்கத்தில் கன்னியம்மாள் நின்றிருந்தாள்.

சபதத்தை முதலில் மீறியவர் அவர்தான். இறங்கியதும், "தண்ணி குடு" என்றார்.

கன்னியம்மாள் சொம்பை நீட்டினாள்.

"யாரு வந்தது?"

"ஏங்க, தெரியாத மாதிரி கேக்குறீங்க? அந்தத் தம்பிதான். பஸ்ஸுல போறவங்க கண்ணுல படற மாதிரி ஒரு வூடு வேணும், சும்மாவே பண்ணித் தர்றேன் அக்கான்னாரு. சரின்னேன்."

"என் வூட்டு சுவரு மேல கை வெக்க அவன் யாருடி?"

"உங்க மிஷினு கை வெச்சிதே, அது மாதிரி ஓட்ட ஒண்ணும் போடல" என்றாள். "பந்தல்ல ஒரு எல கருகல. நீங்க அடைச்ச சிமெண்டு மட்டும்தான் கண்ண உறுத்துது."

மாதையன் ஒரு நிபுணருக்குரிய கவனத்தோடு சுவரைச் சோதித்தார். முகர்ந்தார். தடவினார். நகத்தால் சுரண்டினார். குறை ஏதும் அகப்படவில்லை. தன் கல்யாணத்துக்கு அடித்த வெளிர்நீலப் பெயிண்டை இத்தனை வருஷமாகப் பாசிக்குள் மறந்தே போயிருந்தார். அது அப்படியே வெளியே வந்து அவரைப் பார்த்தது. இது பொறுக்க முடியாத விஷயம்.

அடுத்து வந்த நாட்களில் மாதையன் செய்ததை நாகரிகம் கருதிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பாசி திரும்பி வர வேண்டும் என்று சுவரோரம் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். பல் விளக்கிய தண்ணீரை அந்தப் பக்கமாகவே கொப்பளித்தார். மலையின் அழுக்கையெல்லாம் விரட்டப் பிறந்தவர், தன் வீட்டுச் சுவரில் அழுக்கு வளர்க்க ஒரு விவசாயியின் பொறுமையோடு பாடுபட்டார். கஞ்சியைக் கோழிகள் குடித்தன. சுவர் அசையவில்லை.

ஒரு காலையில் அவர் இப்படிக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. சாந்தம்மாள் இறங்கினார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அடேயப்பா! மாதையா, பஸ்ஸுல வர்றவன் போறவன் எல்லாம் உன் வூட்டப் பத்தித்தான் பேசுறான். நானும் நம்பலடா. இது நீ பண்ணதா?"

மாதையன் வாயில் தண்ணீர் இருந்தது. தலை தானாக ஆடியது. அது ஆமாம் என்று ஆடியதா இல்லை என்று ஆடியதா என்பது அவருக்கே தெரியாது. சாந்தம்மாள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"இதே மாதிரி என் வூட்டையும் பண்ணிக் குடு. வேற யாரையும் நான் பாக்கப் போறதில்ல."

கேட்டது கிடைத்துவிட்டது. மேட்டு வீடு, பட்டம், எல்லாம் மடியில் வந்து விழுந்தன. கன்னியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். புருஷன் மானத்தைக் காப்பாற்ற இன்று ஒருநாள் வாயைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தவள் போலப் பந்தலில் அவரைக்காயைப் பறிக்கத் தொடங்கினாள். மாதையன் தண்ணீரை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றால் போதும்.

ஆனால் சாந்தம்மாள் சும்மா இருக்கவில்லை.

"இன்னா சுத்தம், இன்னா சுத்தம்! பழைய பெயிண்டு ஒரு பொட்டு போவல பாரு."

மாதையன் பல்லைக் கடித்தார்.

"செடி கிட்ட எவ்ளோ பதனமா பண்ணிக்கீற! உன்ன மொரடன்னு சொன்னாங்களேடா!"

மாதையன் துண்டைக் கடித்தார்.

"இது கை இல்லடா மாதையா, பூ. இந்த மாதிரி வேலக்காரன் இந்த மலையிலயே பொறந்ததில்ல."

"யக்கா, போதும்!" என்று கத்தினார் மாதையன். கோழிகள் சிதறின. "நிறுத்து யக்கா! நான் பண்ணல இத. அந்த எல்வின் பய பண்ணது. இன்னா பெரிசா பண்ணிட்டான்? தெளிச்சான், குந்தினான், கழுவினான். இதுக்குப் போயி பூவு, கையி, மலையிலயே பொறந்ததில்லன்னு... அவன் பொறந்தது மலையிலயே இல்ல, ஆலங்காயத்துல!"

அவருடைய வாழ்க்கையில் எல்வினை யாரும் இவ்வளவு நேரம் புகழ்ந்து அவர் கேட்டதில்லை. அந்தப் புகழ் தன் பெயரில் வந்தாலும் அது எல்வினுடைய புகழ்தானே? காது தாங்கவில்லை.

சாந்தம்மாள் திறந்த வாயை மூடாமல் அவரையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கன்னியம்மா, இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா? கைக்கு வந்த வேலைய, நான் பண்ணலன்னு தட்டி வுடறானே. இவன் நேர்மைக்கு நான் இன்னா பண்ணுவேன்!"

"நானும் இத்தன வருசமா கேட்டுனுதான் கீறேன்க்கா" என்றாள் கன்னியம்மாள், அவரைக்காயை உருவியபடி.

அன்று மாலைக்குள் மாதையன் மலை முழுவதும் உத்தமர் ஆகிவிட்டார். சுவர் வேலை எல்வினுக்கு. மாதையனின் நேர்மைக்குப் பரிசாக முற்றம், படிக்கட்டு, சிமெண்டுத் தரை எல்லாம் அவருக்கு. மறுக்க வழியில்லை. உத்தமர்கள் மறுக்கக் கூடாது.

வேலை நாளில் எல்வின் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க சொல்லலன்னா இந்த வேல எனக்கு வந்தே இருக்காது. மறக்க மாட்டேண்ணே."

"மறந்துடு" என்றார் மாதையன் மனப்பூர்வமாக.

எல்வின் சுவரில் தெளித்துவிட்டு உட்கார்ந்தான். மாதையன் தரையில் மிஷினைத் திறந்தார். பல வருஷத்துப் பாசி கிழிந்து பறந்தது. நடு முற்றத்தில், கருப்புத் தரையில், கட்டில் அகலத்துக்கு 'மா' எழுந்தது. எல்வின் பார்த்தான். ஏதோ சொன்னான். மாதையன் மோட்டாரை நிறுத்தினார்.

"இன்னா சொன்ன?"

"தரைக்கு உங்க மிஷினுதாண்ணே. இவ்ளோ தடிமன் பாசிய என் மருந்து ஒண்ணியும் பண்ணாது."

"கேக்கல. சத்தமா சொல்லு."

எல்வின் சத்தமாகச் சொன்னான். மாதையன் தெருவைப் பார்த்தார். டீத்தூக்கோடு சேட்டு வந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு. சேட்டு வரட்டும்."

சேட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். நேராக முற்றத்துக்கு நடுவில் வந்து, சேறு அப்பிய செருப்போடு 'மா'வின் மேல் நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சுவருடா சாமி!" என்றார்.

மாதையன் மோட்டாரைப் போட்டார். சேட்டின் ஒரு செருப்பு சாக்கடைக்குப் போனது. இன்னொன்று அன்றைக்கு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.