மாத்திரை தேவைப்படாத ரத்தம்

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே கிருமி. ஒரே நாளில் ரத்தம் கொடுத்தோம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அவள் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் நான் பம்பாயில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். அதனால் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு உடம்பும் இரண்டு வழியில் போயின.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரத்தத்தில் டி செல் என்று ஒன்று இருப்பதே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரியவந்தது. கிருமி அந்தச் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அதையே அழிக்கும். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். அதைச் சிடி ஃபோர் என்பார்கள். அந்தக் காலத்தில் சிடி ஃபோர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. எனக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. அவளுக்கு இறங்கவே இல்லை.

எனக்கு முதலில் கொடுத்த மாத்திரை உயிரைக் காப்பாற்றியது, கன்னத்தைத் தின்றுவிட்டது. முகத்தில் இருந்த சதை கரைந்து எலும்பு தெரிந்தது. நான் டவுணில் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவன். கூட வேலை பார்த்தவர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்னவே, ரெண்டு கன்னத்தையும் அடகு வச்சிட்டீரா?"

"கடவாய்ப் பல்லு போச்சுவே" என்றேன்.

"பல்லு போனா கன்னம் போகும். ஒமக்குப் பின்னால பிட்டியுமில்ல போயிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை வீட்டில் வந்து அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் அவள் கையால்தான் சோறு. சமையல் செய்கிறவளுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சோற்றில் இந்தக் கிருமி பரவாது என்று ஊரில் யாரைக் கூப்பிட்டு விளக்குவது? அதனால் நாங்கள் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவது யார் கண்ணிலும் படக்கூடாது என்று பஸ்ஸில் அவள் முன்னால் ஏறுவாள், நான் பின்னால் ஏறுவேன். அவள் இறங்கிய நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்கித் திரும்பி நடப்பேன்.

மாத்திரையே இல்லாமல் அவளுடைய எண்ணிக்கை வருஷக்கணக்கில் குறையாமல் நின்றது. டாக்டருக்கே ஆச்சரியம். படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு அவளைக் காட்டினார். கிருமி புகுந்த செல்லைத் தேடிக் கொல்லுகிற இன்னொரு வகை டி செல் உண்டாம். எனக்குள் அது கிருமியைத் தினமும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. எதிரிலேயே கிருமி நின்றாலும் கை ஓங்காது. அவளுக்குள் அது அலுக்காமல் வேலை செய்கிறது. இப்படி அபூர்வமாகத்தான் அமையும் என்றார்.

அன்றைக்கு அவள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி இருந்தாள். வெளியே வந்து பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். எனக்கும் பெருமைதான். நகை நிலம் என்று எங்களிடம் எதுவும் கிடையாது. அவளுடைய ரத்தம் இருந்தது. நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதெல்லாம் அந்த ரத்தத்தை நம்பித்தான் எங்கள் வீடு நின்றது.

பிறகு விதி மாறியது. எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் கிருமி உள்ள எல்லோருக்கும் மாத்திரை என்றார்கள். ஆலோசனை சொல்லுகிற அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினாள். எங்களைவிட வயதில் சின்னவள். பாளையங்கோட்டைக்காரிதான்.

"அக்கா, நீங்க சமையல் பாக்குதீங்க. அடுப்ப அணைக்காம ராப்பகலா எரியவிட்டா பானை என்னவாகும்?"

"அடி பிடிக்கும்."

"அதுக்குப் பொறவு?"

"அடி தேஞ்சு ஓட்டையாவும்."

"ஒங்க ஒடம்புல டி செல்லு அப்படித்தான் எரிஞ்சுகிட்டே இருக்கு. கிருமிய அடக்கி வச்சிருக்கு, சரி. ஆனா சண்டை ஓயல. அந்தச் சூட்டுல ரத்தக் குழாயி, இருதயம் எல்லாம் பைய பைய கெடும். மாத்திரை போட்டா கிருமி அடங்கும், அடுப்பும் தணியும்."

என் மனைவி யோசிக்கவே இல்லை. "எங்க பானை சர்க்கார் பானை மேடம். ஓட்டையாச்சுன்னா வேற தருவாவ" என்றாள்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "புது மாத்திரை கன்னத்த ஒண்ணும் செய்யாதுக்கா" என்றாள். என் மனைவியின் மனதில் இருந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா கேப்பாவ."

மனைவியும் என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அன்றைக்கு வாயை அடைத்தது அந்தக் கூச்சம் மட்டும் இல்லை. அவளும் மாத்திரை போட்டால் வீட்டில் இரண்டு நோயாளி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அவள் நோய் இல்லாதவளாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நோயைக் கொடுத்தவனுக்கு அந்த ஆசை எவ்வளவு வசதி என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"நா நல்லாத்தானே இருக்கேன்" என்று அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. அதனால் பக்கத்தில் நின்றோம். "ஒங்க மொகத்தப் பாத்தேம்லா. எனக்கும் அப்படி ஆச்சுன்னா டீச்சர்மாரு கண்டுபிடிச்சிருவாவ" என்றாள். நான் "ம்" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அதற்கு அப்புறமும் போகும்போதெல்லாம் அந்த அம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். என் மனைவி ஏதாவது வேடிக்கை பேசி மழுப்பிவிடுவாள். அவள் வேலையில் குறை வைக்கவில்லை. அரிசிப் பானையை ஒற்றை ஆளாக இறக்குவாள். பிறகு கொஞ்ச நாளாக ஆற்றுப் படித்துறையில் ஏறும்போது பாதியில் நின்றாள். நெஞ்சு கனக்கிறது என்றாள். அடுப்புப் புகை என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கேஸ் அடுப்பு வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. எனக்கு அது உறைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒருநாள் கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். டீச்சர்கள்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டாள். ஆனால் இருதயம் பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டது என்றார்கள்.

இருதய டாக்டர் நல்ல மனுஷன். மற்றவர்கள் போனபிறகு நான் அவர் மேசை ஓரத்தில் போய் நின்றேன். என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"சார், அப்பவே மாத்திரை போட்டிருந்தா இது வந்திருக்காதா?"

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். "அப்படி உறுதியா சொல்ல முடியாது. வயசு இருக்கு, பிரஷர் இருக்கு. அந்தக் கிருமியோட சண்டையும் ஒரு காரணமா இருக்கலாம். போட்டிருந்தா கொஞ்சம் தள்ளிப்போயிருக்கலாம். இல்ல, போட்டும் வந்திருக்கலாம்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருந்தால் நான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இப்போது அவளும் மாத்திரை போடுகிறாள். அவள் கன்னம் கன்னமாகவே இருக்கிறது. வேலையை விட்டுவிட்டாள். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது, நான்தான் எடுத்து வைக்கிறேன். பஸ்ஸிலும் ஒன்றாகவே ஏறுகிறோம், அவளைப் பிடித்து ஏற்ற ஆள் வேண்டும். இன்றைக்கும் எண்ணிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. டி செல்கள் ஒன்றும் தோற்கவில்லை.

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்தபடி சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னிக்கி அந்த மேடம் ஒங்களச் சொல்லச் சொன்னாவல்லா. ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ கேக்கமாட்டன்னு நெனச்சேன்."

"அதெப்படி? நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நா ஒங்க மொகத்தையே பாத்துகிட்டுல்லா இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்லிருந்தா போட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். போட்டிருக்கமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.