ஒரு கண்ணில் மட்டும் வந்த வீக்கம்

இரண்டாம் உலக யுத்த காலம். புதுக்கோட்டைக்குப் பத்து மைல் தள்ளி எங்கள் ஊர். என் நான்கு வயது மகன், புருவத்தில் இருந்த கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டான். மறுநாள் காய்ச்சல், இடது இமை சிவந்து வீங்கி மூடிக்கொண்டது. தெருவில் இரண்டு வீடுகளில் அம்மை போட்டிருந்த சமயம். வந்து பார்த்தவர்கள் இதுவும் அம்மைதான் என்றார்கள். ஊருக்கே புத்தி சொல்லும் வாய்க்காரி நான், அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகினேன்.

வேப்பிலை கட்டிவிட்டால் மருந்து கூடாது, தாளிப்புக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையைப் படி தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. மூன்று நாள் இளநீரைக் கொடுத்துக்கொண்டு மாரியம்மனைக் கும்பிட்டுக் கிடந்தேன்.

நான்காம் நாள் காலையில் உடம்பைத் துடைத்துவிட்டபோதுதான் உறைத்தது. மேலெல்லாம் தடவிப் பார்த்தேன், ஒரு அம்மை முத்துகூட இல்லை. பயந்துகொண்டே வீங்கிய இமையை விலக்கினேன். விழி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கச் சொன்னேன். வலது விழி திரும்பியது. இடது விழி அசையவே இல்லை.

வண்டியைப் பூட்டச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நடுங்கினார். "வேப்பிலை கட்டுன வீடு. சாமி குத்தமாயிரும்."

"குத்தம் என் தலையில விடியட்டும். நீங்க மாட்டைப் பூட்டுங்க," என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. வேப்பிலையைப் பிடுங்கும்போது, இந்தக் கையாலேயே பிள்ளையைக் கொல்கிறேனோ என்றுதான் நினைத்தேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, "அம்மை ஒரு கண்ணுல மட்டுமா வரும்?" என்று கேட்டார். கண்குழிக்குள் சீழ் கோத்திருக்கிறது, இன்னும் தாமதித்தால் மூளைக்கு ஏறிவிடும், உயிர் தப்பினாலும் பார்வையைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை என்றார். இமையைக் கீறிச் சீழை வடித்துக் கட்டுப் போட்டார்கள். பிள்ளையின் கையை அமுக்கிப் பிடித்திருந்தவள் நான்தான். சீழ்ப்புண்ணை ஆற்ற அப்போது புதிதாக வந்திருந்த வெள்ளை மாத்திரையைப் பொடித்து நாலு மணி நேரத்துக்கொரு தரம் கொடுத்தோம். ஒவ்வொரு தரமும் மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். இமை கீற்றாகத் திறந்தது. டாக்டர் நல்ல கண்ணைப் பொத்தி, அவன் முகத்தை என் பக்கம் திருப்பி, என்ன தெரிகிறது என்று கேட்டார். பிள்ளை இமையைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா ஏன் சேலையத் திங்கிது?" என்றான்.