பொறுப்பதிகாரி வேடத்தில் எங்கள் அப்பா

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர்மீது அன்பு வைத்திருந்தவர்களுக்கும், திரையில் கண்டு அவரை வெறுத்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அப்பா. இளமையில் கார்னிவல் மேடைகளில் மல்யுத்தம் செய்தார். அடி வாங்கி விழுந்து, கடைசியில் எழுந்து வெல்லும் நல்லவர் அங்கே அவர்தான். முழங்கால் முறிந்து மேடையை விட்டபோது வீட்டில் வேறு வருமானம் இருக்கவில்லை. அவரது உடற்கட்டையும் பிசகில்லாத சிங்களத்தையும் கண்ட நெறியாளர் ஒருவர், தொலைக்காட்சி நாடகமொன்றில் கொடிய பொலிஸ் பொறுப்பதிகாரியாக நடிக்க அழைத்தார். திரையில் அவருக்கு ஒரு சிங்களப் பெயரும் போட்டார்கள்.

நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்திருந்த யுத்த காலம் அது. தமிழ் இளைஞரைப் பிடிக்கும் சுற்றிவளைப்புகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. இப்படி நடித்துத்தான் சாப்பிட வேண்டுமா என்று அம்மாவிடம் ஒருவர் கேட்டுவிட்டார். அன்று அப்பா சோற்றைத் தொடவில்லை. மறுநாள் படப்பிடிப்புக்குப் போனார்.

எனக்குத் திருமணமாகிச் சில வாரங்களில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் கணவரை ஒரு விடியற்காலையில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கிலிருந்து வருவோர் கொழும்பில் தங்க எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவு அவருக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு, "அழாதை பிள்ளை. வா, போவம்" என்றார்.

பொலிஸ் நிலையத்தில் பிடிபட்டவர்கள் நிலத்தில் குந்தியிருந்தார்கள். என் கணவரின் முகம் வீங்கியிருந்தது. அப்பாவை அடையாளம் கண்ட பொலிஸார் சிரித்தபடி சூழ்ந்துகொண்டார்கள். அங்கிருந்த உண்மையான பொறுப்பதிகாரியும் வெளியே வந்தார். அப்பா வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்க, அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கைதியை மிரட்டும் காட்சியைச் செய்துகாட்டுங்கள் என்றார். முன்னால் இருந்த இளைஞர் ஒருவரை எழுப்பி நிறுத்தினார்கள்.

அப்பா கையை ஓங்கினார். அந்த இளைஞர் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு நடுங்கினார். மேடையிலும் படப்பிடிப்பிலும் அப்பாவின் ஓங்கிய கைக்கு யாரும் உண்மையாகப் பயந்ததில்லை. அவர் கை மெல்ல இறங்கியது. மடங்காத காலை நீட்டியபடி, சுவரைப் பிடித்து நிலத்தில் அமர்ந்தார்.

"என்னால் ஏலாது, சேர்," என்று என் கணவரைக் காட்டிச் சிங்களத்தில் சொன்னார். "இவர் என் மருமகன். நானும் தமிழன்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. பொறுப்பதிகாரி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். பின்னேரம்வரை அப்பா அங்கேயே இருந்தார். கடைசியில் வாக்குமூலம் எழுதிக்கொண்டு என் கணவரை விட்டார்கள்.

அவர் தமிழர் என்ற செய்தி பரவியது. நாடகத்தில் அவர் நடித்த பொறுப்பதிகாரிக்கு இடமாற்றம் என்று கதையை மாற்றி, அப்பாவை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் கல்கிசையில் ஒரு கடையில் காவலுக்கு நின்றார். அதற்காக ஒருநாளும் மனம் வருந்தியதில்லை.

சிறுநீரக நோயில் அப்பா கிடந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த தாதியருக்கும், தூக்கிப் பிடித்து உதவிய அயலவருக்கும், தேடி வந்த சிங்கள நடிக நண்பர்களுக்கும், மகனாக நின்று கொள்ளி வைத்த என் கணவருக்கும் எங்கள் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அன்று எழுப்பி நிறுத்தப்பட்ட அந்த இளைஞர் எங்களோடு வெளியே வரவில்லை. அவரை அறிந்தவர் எவரேனும் இதை வாசித்தால், அப்பா கடைசிவரை அவரை விசாரித்துக்கொண்டே இருந்தார் என்று சொல்லிவிடுங்கள்.

– மகள்