பாறைக்குக் கீழே மூன்று மீற்றர்

கம்பஸில் மண் பொறியியலைத் தெரிவு செய்தபோது வீட்டில் ஒரே பகிடி. "மண்ணைப் படிக்கிறதுக்கும் ஒரு படிப்போ? தோட்டத்துக்கு வா, நான் சும்மா காட்டுறன்" என்றார் அப்பா. எனக்குக் கோபம் வந்தது. கட்டடத்தை யாரும் பார்க்கலாம், அதைத் தாங்குவதைப் பார்க்கத்தான் படிப்பு வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் தனியே பொறுப்பேற்ற முதல் வேலையிலேயே பிழை விட்டேன். கீரிமலைப் பக்கம் பள்ளிக்கூட வேலையிலிருந்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் மாடிவீடு கட்டவிருந்தார். நிலத்தைத் துளைத்துப் பார்த்ததில் நாலடியில் சுண்ணாம்புக்கல் தட்டியது. பாறை கண்ட பிறகும் மூன்று மீற்றர் துளைக்க வேண்டும் என்பது வகுப்பில் படித்த விதி. கீரிமலையைச் சுற்றிய வலிகாமப் பகுதியிலேயே பிறந்த எனக்கு அது வெளியூர்க்காரருக்கான விதியாகப் பட்டது. கிணறு வெட்ட வெடி வைத்து உடைக்கிற பாறையைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். இதற்கு மேல் என்ன உறுதி? மெசினை நிறுத்தச் சொல்லி, அறிக்கையில் கையெழுத்து வைத்தேன்.

அத்திவாரக் கல் வைக்கும் நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பாறை தெரியும்வரை வெட்டியிருந்த குழியில் ஐயர் கும்பத் தண்ணீரை ஊற்றினார். தேங்கவில்லை. யாரோ ஒரு வாளி தண்ணீரையும் ஊற்றினார்கள். அதுவும் நொடியில் போய்விட்டது.

"பாத்தியளே, பூமாதேவி ஏற்றுக்கொண்டிட்டா!" என்றார் வீட்டைக் கட்டவிருந்த மேசன். எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் குழிக்குள் குனிந்து பார்த்தேன். உறுதியான பாறை இப்படித் தண்ணீர் குடிக்காது.

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே இருந்தது. ஆசிரியையைத் தனியே கூப்பிட்டேன்.

"அன்ரி, கல்லை வையுங்கோ. கொங்கிறீற் மட்டும் போடவேண்டாம். கீழ பொந்து இருக்கலாம். நான் விதிப்படி துளைக்கேல்லை. என்ரை பிழை."

"ஏன் பிள்ளை துளைக்கேல்லை?"

"எங்கடை ஊர்க் கல்லுத்தானே எண்டு நினைச்சிட்டன்."

அவர் முகம் இறுகிவிட்டது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பின்னால் வந்து கேட்டுக்கொண்டு நின்ற மேசனோ விடவில்லை. "உது வீண் பயம். இஞ்ச எத்தினை வீடு கட்டினனான்!"

"துளைச்சுப் பாத்திட்டுக் கதைப்பம், அண்ணை" என்றேன்.

மறுநாள் அதே குழியில் மெசின் இறங்கியது. முதல் மீற்றர் நல்ல பாறை. நான் சொன்னேனே என்பதுபோல் மேசன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்த முறை நான் மெசினை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாவது மீற்றரில் துளைக்கும் கம்பி தானாகவே ஒரு முழத்துக்கு மேல் விழுந்தது. மேசன் குழியடியிலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

ஆசிரியை அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கு மேலதான் மகளின்ரை அறை வரப்போனது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டை எங்க தள்ளிக் கட்டுறதெண்டு நீயே காட்டு. ஆனா இந்த முறை துளைக்கேக்கை நான் பக்கத்தில நிப்பன்."

"ஓம் அன்ரி, நில்லுங்கோ" என்றேன்.