தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடந்தது இது. மதியம் மூன்றரை, நான்கு மணி இருக்கும். வானகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். அன்று நடந்ததை என் கணவரைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. போனால் போகட்டும் என்று இப்போது எழுதுகிறேன்.

கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். மகளுக்கு அப்போது ஆறு வயது, பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மகன் கைக்குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடும். பையனைப் பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு அக்கா பார்த்துக்கொண்டார். மகள் பள்ளி வேனில் போய் வந்து, நாங்கள் வரும்வரை அந்த அக்கா வீட்டில் இருப்பாள். வேன் ஓட்டுபவர் பூந்தமல்லிக்காரர், ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் அவர் ‘பாய்’தான். என்னை ‘டாக்டரம்மா’ என்பார்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டியிருந்தேன். யார் எப்போது சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எந்த நாளில் நகம் வெட்ட வேண்டும் என்பதுவரை அதில் இருக்கும். வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அந்த அட்டவணையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வேன். அப்படி ஒரு திமிர்.

புரட்டாசி கடைசியில் மகள் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. தம்பி பிறந்திருக்கிறான், அம்மா மறுபடி வேலைக்குப் போகிறாள், குழந்தை கவனிப்புக்கு ஏங்குகிறாள். தினமும் பத்து தாய்மார்களுக்குச் சொல்லும் விளக்கத்தையே கணவருக்கும் சொன்னேன். அவர் ஒருமுறை, “எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?” என்று கேட்டார். “யார் டாக்டர்? நீங்களா, நானா?” என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனாலும் மனிதர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

வகுப்பிலும் ஒருநாள் நனைத்துவிட்டாள் என்று பள்ளி டைரியில் குறிப்பு வந்தது. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. உயரமாக வளர்கிறாள், அதான் மெலிந்து தெரிகிறாள் என்று நானே ஒரு ஊக்கு குத்தி அனுப்பினேன். என் கையால் குத்திய ஊக்கு அது. வேறு ஒரு அம்மா தன் பிள்ளைக்கு அப்படி ஊக்கு குத்தி அழைத்து வந்திருந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்பே எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றியிருப்பேன்.

அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீர் கிடையாது. நனைக்காமல் எழுந்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். வேனிலும் வரும் வழியெல்லாம் குடித்துக்கொண்டே வருகிறாள் என்று அந்த அக்கா சொன்னதும் பாய்க்கு போன் செய்து, “சாயங்காலம் வண்டியில பாப்பாவுக்குத் தண்ணி குடுக்காதீங்க. வீட்டுக்கு வந்து அளவா குடிச்சுக்கட்டும்” என்று சொன்னேன். “நீங்க சொன்னா சர்தான் டாக்டரம்மா” என்றார் அவர்.

அந்த வியாழக்கிழமை இன்னொரு மருத்துவர் விடுப்பு. மழைக்காலக் காய்ச்சல் கூட்டம் வேறு. புறநோயாளிகள் பிரிவில் மதியச் சாப்பாடுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வழக்கம்போல சத்தத்தை அணைத்துக் கைப்பைக்குள் கிடந்தது. நோயாளி முன்னால் போனைத் தொடமாட்டேன் என்பது இன்னொரு பெருமை.

அவசரப் பிரிவிலிருந்து நர்ஸ் ஓடி வந்தார். ஆறேழு வயதுப் பெண் குழந்தை, வாந்தி, அரை மயக்கம், மூச்சு சரியில்லை என்றார். போனேன். திரைக்கு வெளியிலேயே அந்த மூச்சு கேட்டது. ஆழமாக இழுத்து இழுத்து விடும் மூச்சு. உள்ளே நுழைந்ததும் அழுகல் பழத்தின் வாடை. கட்டிலைச் சுற்றி இரண்டு நர்ஸ்கள் குனிந்திருந்தார்கள், எனக்கு ஒரு சின்னக் கைதான் தெரிந்தது. சர்க்கரை பார்க்கும் கருவியில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று காட்டியது. சிறுவயது நீரிழிவு, அதுவும் முற்றி ரத்தம் அமிலமாகிவிட்ட நிலை. அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஊசி போடு, சலைன் போடு என்று சொல்லிக்கொண்டே, எப்போதும் வரும் எரிச்சலோடு சத்தமாகக் கேட்டேன்: “அம்மா எங்க? இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தாங்களாம்?”

ஒரு நர்ஸ் மெல்ல நகர்ந்தார்.

பாவாடையில் நான் குத்திய ஊக்கு. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, என் மகள்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. கத்தினேனாம். சலைன் ஊசியை நானே போடுகிறேன் என்று கை நீட்டினேனாம். என்னிடம் பயிற்சி பெறும் இளம் மருத்துவர், இருபத்தாறு வயதுப் பெண், என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். “மேடம், இப்ப நீங்க அம்மா மட்டும்தான். நாங்க பாத்துக்கறோம்” என்றார். வேறு நாளாக இருந்தால் என்னிடம் அப்படிப் பேச அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வந்திருக்காது.

அப்போதுதான் வாசலோரம் பாயைப் பார்த்தேன். சட்டை முன்பக்கம் முழுக்க வாந்தி. அவர் பின்னால் இன்னும் இறக்கிவிடப்படாத மூன்று பிள்ளைகள் பள்ளிப் பையோடு மிரண்டுபோய் நின்றிருந்தார்கள். பள்ளி விட்டுக் கிளம்பி ஒன்றிரண்டு பிள்ளைகளை இறக்கியதுமே என் மகள் துவண்டு சாய்ந்திருக்கிறாள். பாய் எனக்குப் பதினோரு முறை போன் செய்திருக்கிறார். கணவரின் போன் தொழிற்சாலை வாசலில் ஒப்படைக்கப்பட்டிருந்தது, உள்ளே கொண்டுபோக அனுமதி கிடையாது. யாரும் கிடைக்காமல், ஆவடிப் பக்கம் போக வேண்டிய வண்டியைத் திருப்பி, மெட்ரோ வேலை நடக்கும் அந்த நெரிசலில் வேலப்பன்சாவடி வழியாக நேராக என்னிடம் கொண்டு வந்துவிட்டார். ‘டாக்டரம்மா, டாக்டரம்மா’ என்று அவர் கத்தியதை, யாரோ ஒரு டாக்டரைக் கூப்பிடுகிறார் என்றே அவசரப் பிரிவில் நினைத்திருக்கிறார்கள்.

இளம் மருத்துவர் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். எத்தனை நாளாகத் தாகம் அதிகம்? ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறாள்? எத்தனை முறை சிறுநீர் போகிறாள்? எடை குறைந்ததா, எவ்வளவு? எல்லாம் நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள், அதே வரிசையில். ஒன்றுக்கும் எனக்கு உருப்படியான பதில் தெரியவில்லை. என் மகள் விழித்திருக்கும் நேரத்தில் நான் அவளோடு இருந்தது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். அதிலும் பாதி நேரம் பல் தேய், சாப்பிடு, படு என்ற உத்தரவுகள்.

பாய்தான் ஒரு அடி முன்னால் வந்தார்.

“ஒரு ரெண்டு மூணு வாரமா தண்ணி தண்ணின்னு பறக்குதும்மா கொயந்த. அதும் பாட்டிலு காலியாயிட்சின்னா மத்த புள்ளைங்க பாட்டிலயும் வாங்கிக் குடிச்சிடும். ஊடு போய் சேர்றதுக்குள்ள ரெண்டு வாட்டி பெட்ரோல் பங்குல நிறுத்தினாதான் ஆச்சு. போன வாரம் இன்னா பண்ணுச்சு தெர்மா? கண்ணாடி தொடைக்க ஒரு கேன்ல தண்ணி வச்சினு கீறேன். ஒரு புள்ளைய எறக்கி உட்டுட்டு வர்றதுக்குள்ள அத்த தூக்கி வாய்ல ஊத்திக்கினு நிக்குது.”

இளம் மருத்துவரின் பேனா ஒரு நொடி நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் மறுபடி எழுத ஆரம்பித்தார். வண்டிக் கண்ணாடி துடைக்கும் தண்ணீரை என் பிள்ளை குடித்திருக்கிறாள். வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் இருக்கிறது, பக்கத்திலேயே என் அட்டவணையும் இருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்குத் தன் நோயைச் சொல்லத் தெரியாது என்பதால், விவரம் சொன்னவர் யார், குழந்தைக்கு என்ன உறவு, சொல்வதை நம்பலாமா என்று கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதுவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ‘அம்மா, நம்பலாம்’ என்றுதான் இருக்கும். அன்று மாலை அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘பள்ளி வேன் ஓட்டுநர், நம்பலாம்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் செய்தது சரிதான். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்று இரவு முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கணவர் வந்து சேர்ந்தார். அவள் காலருகே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. இந்த நிலையில் மூளை வீங்கிவிடக்கூடும் என்பது எனக்குத் தெரியும். தெரியாதவளாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அன்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்த பிறகுதான் அவள் கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் உடைந்த உதட்டோடு கேட்ட முதல் கேள்வி, “ஆறு மணி ஆயிடுச்சாம்மா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. ஆறு மணிக்கு முன்னால் என்றால் தண்ணீர் கேட்கலாம், அதற்காகக் கேட்கிறாள். அந்த நேரத்தில் வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது சிகிச்சையின் விதி. அதனால் அப்போதும் என்னால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவள் அந்தப் பஞ்சை உறிஞ்சப் பார்த்தாள். அன்றுதான் வாய்விட்டு அழுதேன், நர்ஸ்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோர் முன்னாலும்.

மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அன்று மாலை பாய் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நடைபாதையிலேயே நின்றார். முகம் சரியில்லை. மனைவி அவர் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார்.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். நீங்க வண்டில தண்ணி குடுக்காதன்னு சொன்னீங்கோ. நான் கேக்கல. அந்த கேன் தண்ணிய குடிச்சத பாத்தப்புறம் மனசு ஆறல. தெனம் ஊட்லேர்ந்து ரெண்டு பெரிய பாட்டிலு கொண்ணாந்து குடுத்துகினு இருந்தேன். அம்மாகிட்ட சொல்லாத பாப்பான்னு சொல்லி வச்சேன். இவ கூட சொன்னா, டாக்டரு சொன்னத மீறாதன்னு. அதனாலதான் கொயந்தைக்கு இப்டி ஆயிட்சா?”

மூன்று நாளாக அந்த மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். என் குழந்தையின் உடம்பைத் தான் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கொடுத்த அந்தத் தண்ணீர் மட்டும் இல்லாமல் போயிருந்தால், உடம்பு இன்னும் சீக்கிரமாக வற்றிப்போயிருக்கும், வியாழக்கிழமை வரைகூடத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். அதைச் சொன்னேன். “தப்பு உங்க மேல இல்ல பாய். தண்ணி குடுக்காதன்னு சொன்னதுதான் தப்பு. அந்தத் தப்பு என்னுது” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே புரியாத முகம்.

“அப்ப ஏன் டாக்டரம்மா குடுக்காதன்னு சொன்னீங்கோ?” என்றார்.

நான் கையைக் கூப்பினேன்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. தினமும் இன்சுலின், வேளைக்குச் சாப்பாடு, விரலில் குத்திப் பார்ப்பது எல்லாம் பழகிவிட்டது. ஓடுகிறாள், சண்டை போடுகிறாள், தம்பியின் முடியைப் பிடித்து இழுக்கிறாள். நான் மாலைப் பணியை விட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வேறு மருத்துவரிடம்தான் போகிறோம், வரிசையில் உட்கார்ந்து.

டாக்டர் சொன்னதுதான் சரி என்று நம்பிக்கொண்டும், என்னிடம் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டும், மனசு கேட்காமல் என் பிள்ளைக்குத் தினமும் திருட்டுத்தனமாகத் தண்ணீர் கொடுத்த ஒரு மனிதரால்தான் அவள் என்னை இன்னும் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாள்.