பத்துக் கணக்கும் ஒரு படுதாவும்

அன்று நன்னிலம் சாலையோரம் இருந்தது மூன்றே பேர்: நான், என் மனைவி, ஊருக்கு வந்திருந்த சித்தப்பா மகன். எங்கள் முன்னால் அந்தக் குறுவையில் கண்ட நெல் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுருட்டியபடி நீலப் படுதா.

அவன் என்னைவிட ஆறு மாதம் இளையவன். எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கணக்கில் நான்தான் முந்துவேன். அப்பா நோயில் படுத்ததும் நான் வயலுக்கு வந்துவிட்டேன். அவன் படித்துப் படித்து, பூமி இனி எவ்வளவு சூடாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வேலைக்குப் போய்விட்டான். அவன் பேச்சை யாராவது எடுத்தாலே எனக்குச் சோறு இறங்காது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். அந்தப் பயத்துக்கே அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"எம் மவன் விவசாயம் பாக்குறப்ப வெயில் எவ்வளவுடா ஏறியிருக்கும்?"

"பத்து கம்ப்யூட்டர் பத்து விதமா சொல்லுதுண்ணே."

இளநீர் குடித்தது போலிருந்தது எனக்கு. "இதுக்கா இவ்வளவு படிப்பு?"

அவன் கோபப்படவில்லை. சூடு ஏறும் என்பதில் பத்தும் ஒன்றுதானாம். மனுஷன் விடுகிற கரிப்புகையை ஒரே அளவாகக் கணக்கில் கொடுத்தாலும் எவ்வளவு ஏறும் என்பதில்தான் பிரிகின்றனவாம். பெரிய காரணம் மேகம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கட்டத்துக்குள் எங்கள் தாலுகா மாதிரி பல அடங்கும். நம் வயலில் பெய்து வரப்புக்கு அந்தப் பக்கம் பெய்யாத மேகம் அதில் எங்கே தெரியும்? அதனால் கணக்குப் போடும் ஒவ்வொரு குழுவும் மேகத்துக்கு ஒரு தோராயம் வைக்கிறது. தாழ்ந்த மேகம் குடை மாதிரி வெயிலைத் தடுக்கும். உயரத்து மெல்லிய மேகம் போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். பூமி சூடேற ஏற அந்தக் குடை எவ்வளவு சுருங்கும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு.

பேசும்போதே மேற்கே கறுத்தது. "இது பெய்யுமா, சொல்லு பாப்போம்."

"தெரியலண்ணே. அதான் சொல்றேன், மூடிடுவோம்." படுதாவின் ஒரு முனையைப் பிடித்துவிட்டான்.

"விடுடா. பத்தும் பத்து விதமா சொன்னா ஒண்ணும் நடக்காதுன்னு அர்த்தம்."

"பஞ்சு மாதிரி மேகத்துக்கே பறந்து மூடுற ஆளு. இன்னிக்கு என்னங்க வீராப்பு?" என்றாள் மனைவி. நான் நகரவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் மூடியிருப்பேன்.

பெய்தது. மூன்று பேரும் நனைந்து நனைந்து அள்ளியும் பாதிக்கு மேல் ஊறிவிட்டது. நாலாம் நாள் முளை கட்டியது. 'அப்பவே சொன்னேனே' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

இன்றும் அதே படுதாதான், கிழிசல் தைத்தது. கொஞ்சம் கறுத்தாலும் மூடிவிடுகிறேன். பாதி நாள் பெய்வதில்லை, மனைவி சிரிக்கிறாள். அவன் சம்பளத்தின் மேல், வீட்டின் மேல் எல்லாம் பொறாமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் "தெரியலண்ணே" என்று பதறாமல் சொல்லிக்கொண்டே முனையைப் பிடித்தானே, அதுதான் இன்னும் எரிகிறது. நான் பிடிக்கும்போது படுதா முழுவதும் நடுங்குகிறது.