மைக்கில் வந்த ஜெபம்

பதுளையில் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்த பிறகு, அக்காவை நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அழைத்து வந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர். வேனை விட்டு இறங்குமுன் ஒன்றுதான் சொன்னாள்: "வயித்துல கட்டின்னு சொல்லு. வேற எதுவும் யாருக்கும் தெரியக்கூடாது."

தினமும் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் மருந்து கட்டினேன். லயமே பிஸ்கட் பாக்கெட்டோடு விசாரிக்க வந்தது. கொண்டுவந்ததைத் தாங்களே பிரித்துத் தின்றபடி, போர்வைக்கு மேலே எது மேடு, எது பள்ளம் என்று கண்ணால் துழாவுவார்கள். யார் என்ன கேட்டாலும் அக்கா, "நல்லா இருக்கேன்" என்பாள்.

எங்கள் சபையில் ஜெபக்குழுவை நடத்தும் அம்மா அவர்களையெல்லாம் மிஞ்சியவர். "என்ன வருத்தம், என்ன நோய்னு தெரிஞ்சாத்தானே ஆண்டவர்கிட்ட கேக்கலாம்?" என்பார். கிளினிக் கார்டைப் பார்க்காமல் ஆண்டவர் சுகம் தரமாட்டார் போலிருக்கிறது. மூன்று முறை மழுப்பினேன். நான்காவது முறை குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தியே எவ்வளவுதான் சொமப்ப?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு உருகி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னைப் போன்ற முட்டாள் அந்த மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

அக்கா எழுந்து நடமாடி சபைக்கு வந்த முதல் ஞாயிறு, அந்த அம்மா மைக்கைப் பிடித்தார். "ஒரு மார்பை இழந்து நிற்கிற எங்கள் டீச்சரை ஆறுதல்படுத்தும், ஆண்டவரே!" கண்ணை மூடியிருக்க வேண்டிய கூட்டம் முழுவதும் கண்ணைத் திறந்து அக்காவின் சேலையைப் பார்த்தது. ஆமென் மட்டும் குறைவில்லாமல் சத்தமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "நீயா சொன்ன?"

"ஆமாக்கா."

அவள் திட்டவில்லை. "இனிமே மருந்த நானே கட்டிக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் சுடுதண்ணீரோடு வெளியே நின்றேன்.

புண் ஆறியதும் அந்த அம்மா வந்தார். "பாத்தீங்களா டீச்சர், சபையே ஜெபிச்சதுக்குப் பலன்!"

அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஒங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் வருத்தம் இருந்தா சொல்லுங்கம்மா. எல்லாரும் சேந்து மைக்ல கேப்போம்."

அவர் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார். பிறகு, டீச்சருக்கு வாய்க்கொழுப்பு என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தாராம்.

அன்று அவர் எழுந்து போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. இப்போது கிளினிக்குக்கு அவள் தனியாகத்தான் பஸ் ஏறுகிறாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பாள். பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தவர்களுக்குச் சொன்ன அதே பதில்.